கன்று போடும் காலம்

சுசீலாதேவிக்குப் பிள்ளையில்லை. டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் அதைப் பற்றிக் கதைக்காத வாயுமில்லை. தம்பி மகள் அபிதா பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குப் பக்கத்து ஊரான ஹேர்னிங்குக்குப் போனவள், குழந்தையைத் தூக்கக் கை நீட்டினாள். தம்பியின் மனைவி விமலராணி அத்தனை பேர் நடுவில் சொன்னாள்: "வேண்டாம் மச்சாள், பிள்ளைக்குக் கண்ணூறு நாவூறு பட்டிடும்."

அன்று சோறும் தின்னாமல் திரும்பியவள் ஏழு வருடமாக அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. மன்னிப்பது பெரிய குணமாம். யாருக்கு வேண்டும் அந்தக் குணம்?

அவளுக்கு வேலை ஒரு சஃபாரிப் பூங்காவில், க்னூக் கொட்டிலில். மாட்டுத் தலையும் மான் காலுமாக இருக்கும் இந்த மிருகம் ஆபிரிக்கப் புல்வெளியில் மழையைத் தேடிக் கூட்டமாக நடக்கும். காலம் வந்தால் எல்லாம் ஒன்றாகக் கன்று போடும். சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனையைத்தான் தின்னும்? டென்மார்க்கில் நடக்க இடமில்லை. ஆனால் ஒன்றாகப் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. மே மாதம் கொட்டில் முழுக்க, கன்றோடு விழுந்த இளங்கொடியின் நாற்றம். பிறந்த கன்றுகள் முதலில் கண்ட மனித முகம் சுசீலாதேவியுடையதுதான். ஒன்றுக்கும் நாவூறு படவில்லை. விழுந்த சூட்டோடு எழும்பி ஓடின.

யானைக்கொரு காலம் என்றால் பூனைக்கொரு காலம் வரத்தானே வேண்டும். இந்த மே மாதம் கோயில் சனத்தோடு ஒரு பஸ் வந்தது. விமலராணியும் மகளும் இறங்கினார்கள். கன்று போடும் நாட்களில் கொட்டிலுக்குள் வெளியாட்களை விடுவதில்லை. வேலையாட்கள் தங்கள் சொந்தத்தில் ஒருவரைக் கூட்டிப் போகலாம்.

"மச்சாள், பிள்ளை கண்டுக்குட்டி பாக்க ஆசைப்படுறாள்" என்று விமலராணி குழைந்தாள்.

"அவள் வரட்டும். நீர் வெளியிலை நில்லும்."

உள்ளே ஒரு கன்று விழுந்து, நடுங்கி எழுந்தது. அபிதா கன்றை விட்டு மாமியைப் பார்த்தாள். பிறகு டேனிஷில் கேட்டாள்: மாமி பார்த்தால் சின்னக் குட்டிகளுக்கு நோய் வருமென்று அம்மா சொன்னாளே, பிறகு எப்படி இங்கே வேலை தந்தார்கள்?

விமலராணியை வாசலில் நிறுத்தியது போதுமென்று சுசீலாதேவி நினைத்திருந்தாள். போதாது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் வந்த சனம் முழுக்க அங்கேதான் நின்றது.

"இப்ப என்னட்டைக் கேட்டதை அம்மாட்டைக் கேள். தமிழிலை கேள், எல்லாருக்கும் விளங்கட்டும்."

அபிதா சொல் தேடித் தேடி, ஆனால் உரக்கக் கேட்டாள்.

"அம்மா, மாமி பாத்தா குட்டிக்கு வருத்தம் வரும் எண்டு சொன்னீங்கள். குட்டி எழும்பி ஓடுது. ஏன் பொய் சொன்னீங்கள்?"

விமலராணி முதலில் சிரிக்கப் பார்த்தாள். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"பிள்ளை கேக்கிறாள்" என்றாள் சுசீலாதேவி. "சொல்லும்."