ஹான் அம்மா காணாமற்போன வியாழக்கிழமை

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு நா எழும்பாது. அதனால் எழுதுகிறேன். கடந்த பெப்ரவரியில் என் கவனக்குறைவால் ஓர் உயிர் போகப் பார்த்தது. கர்த்தர் அதைத் திருப்பித் தந்தார்.

நான் டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே ஹான் என்ற கொரிய அம்மா இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. இளவயதில் தாதியாக ஜேர்மனிக்கு வந்தவர். இங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மறதிநோய் வந்தபோது அவருடைய ஜேர்மன் மொழிதான் முதலில் போனது. கொரிய மொழி மட்டும் மிஞ்சியது. மதியம் நெருங்கினால் ஓரிடத்தில் இருக்கமாட்டார். கதவு கதவாகப் போய், "ஊயூ ஜூக், ஊயூ ஜூக்" என்பார். காணாமற்போன யாரோ பிள்ளையின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்துவேன்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணி. அழுக்குத்துணி வண்டியை வெளியே தள்ளுவதற்காகப் பக்கக் கதவைத் திறந்தேன். கதவு திரும்பப் பூட்டும்வரை நின்று பார்க்கவேண்டும். உள்ளே ஒருவர் அவசரமணி அடித்தார். நான் ஓடிவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஹான் அம்மாவின் அறை காலி. அவருடைய கோட் கொழுவியில் அப்படியே தொங்கியது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"யார் கதவைத் திறந்தது?" என்று பொறுப்பாளர் எல்லோரையும் கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். முன்வாசலில் வந்துபோன உறவினர்களோடு சேர்ந்து அவர் வெளியேறியிருப்பார் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். பொலிஸ் வந்து முன்பக்கத்துப் பூங்காவைத் தேடியது. அவர்கள் தவறான பக்கம் தேடுகிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். அப்படியும் பேசாமல் நின்றேன்.

கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. எங்கள் சபை ராஜி அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, எனக்கு ஜெபிக்க ஏலாமக் கிடக்கு. கதவைத் திறந்தது நான்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"ஜெபத்தை நான் பாக்கிறன். நீர் முதல் போய் உண்மையைச் சொல்லும். அந்த மனிசி குளிருக்கை நிக்குதெல்லே" என்றார் அக்கா.

போனேன். சொன்னேன். பொறுப்பாளரின் முகம் இறுகியது. ஆனால் என்னைத் திட்ட நேரமில்லை. "பக்கக் கதவா? அப்படியென்றால் டிராம் பாதைப் பக்கம்!" என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டு, என்னையும் தேட அனுப்பினார்.

டிராம் நிறுத்தம்வரை ஓடினேன். ஒருவரும் அவரைக் காணவில்லை. பனிக்குள் நின்று மறுபடி ஜெபித்தேன். இந்த முறை சொற்கள் வந்தன. அப்போதுதான் திருமதி பார்க் நினைவுக்கு வந்தார். எங்கள் சபை கூடும் அதே ஆலயத்தில் காலையில் கொரிய சபை கூடுகிறது. அவர் அதன் போதகரின் மனைவி. மண்டபச் சாவியை மாற்றிக்கொள்ளும்போது வணக்கம் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். அவரை அழைத்து, ஊயூ ஜூக் என்பது யாருடைய பெயர் என்று கேட்டேன்.

"பெயரில்லை. பால்கஞ்சி" என்றார். "கொரியப் போர்க்காலத்தில் அநாதைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஊற்றுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பால்மாவில் காய்ச்சியது. என் அம்மாவும் குடித்திருக்கிறார்."

டிராம் பாதைக்கு அப்பால் ஓர் ஆலய மண்டபத்தில் வியாழன் மதியங்களில் இல்லாதவர்களுக்குச் சூப் கொடுப்பார்கள். தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். கஞ்சி வரிசை என்றதும் அது நினைவில் தட்ட, அங்கே ஓடினேன்.

வரிசையில் நின்றுகொண்டிருந்தார் ஹான் அம்மா. பல் துலக்கும் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். வீட்டுச் செருப்பு நனைந்து ஊறியிருந்தது. பின்னால் நின்ற தாடிக்காரர் தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, தான் நடுங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் ஹான் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார். எனக்கும் பசிக்கும் என்று நினைத்திருக்கிறார்.

நான் அந்த இடத்திலேயே உடைந்து அழுதேன். ஒன்பது வயதில் வன்னியில் ஓர் அகதி முகாமில் கஞ்சிக்காக வரிசையில் நின்றவள் நான். அந்த வெட்கத்தை என் பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை.

ஹான் அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கால்விரல்கள் தப்பின. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அது நியாயம்தான். வேலை போகவில்லை.

இப்போது திருமதி பார்க் வாராவாரம் வந்து அவரோடு கொரிய மொழியில் பேசுகிறார். துண்டு துண்டாக வந்ததை எனக்குச் சொல்வார். நான்கு வயதளவில் ஒரு ரயில் நிலையத்தில் ஹான் அம்மா தனியே கிடந்தாராம். அவரைச் சேர்த்த அநாதை இல்லம் தூரதேசத்துச் சபைகளின் உதவியால் நடந்தது. பால்மா வந்தது. கம்பளிகள் வந்தன. காலுக்குப் பொருந்தாத சப்பாத்துகளும் வந்தன. அனுப்பியது யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. குடித்தது யார் என்று அனுப்பியவர்களுக்கும் தெரியாது. அப்படிப் பிழைத்த பிள்ளைதான் வளர்ந்து இந்த ஊரில் எத்தனையோ நோயாளிகளைத் தூக்கி நிறுத்தினார்.

முகாமில் நான் குடித்த கஞ்சிக்கு அரிசி அனுப்பியவர் யார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. வன்னிச் சிறுவர் இல்லத்துக்குச் சபை பொருள் சேர்க்கும்போதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லி ஒதுங்கிவிடுவேன். இந்த வருடம் பால்மாப் பெட்டிகளை நான்தான் கட்டினேன். மகள் கூட இருந்து ஒட்டினாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள்.

என் மனம் முழுதாக அமைதியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில நாட்களில் வேலைக்கு நடுவே நெஞ்சு திடீரென்று பதறும். ஆனால் இப்போது அந்தப் பதற்றத்தோடேயே ஆண்டவரிடம் போகிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது, ஒன்றை மறைத்துவைத்துக்கொண்டு ஜெபிக்கவும் முடியாமல் நின்றால், தயவுசெய்து முதலில் போய் அதைச் சொல்லிவிடுங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மிச்சத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அவரை நம்பலாம்.