நைருதி மூலைக் கல்

அந்தக் கருங்கல் பலகை வீட்டுக்குள் வந்த காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். படுத்த வாக்கில் வாசலில் நுழையாது என்று அதை நிமிர்த்தி, அடியில் சாக்கை மடித்துப் போட்டு, மாமாவோடு பழைய கம்பெனியில் வேலை பார்த்த ஆட்கள் அங்குலம் அங்குலமாக உள்ளே நகர்த்தினார்கள். மாமா கை கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. சுவரோரம் நின்று இடது பக்கம், வலது பக்கம் என்று சைகை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும். நான் வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கிப் போட்டபடி, இந்த மனுஷனுக்கு இன்னுமா கல் மேல் ஆசை தீரவில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சித்தூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் கம்பெனியில் வேலை. அங்கே பெரிய மெஷின்களுக்கு மேலே குழாய் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், தூசு எழும்பாது. கல்லின் ஓரங்களைக் கை கிரைண்டரால் தேய்க்கிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். "மெஷினுக்குத் தண்ணி, மனுசனுக்குத் துண்டு" என்று மாமா அதையும் வேடிக்கையாகத்தான் சொல்வார். வீடு திரும்பும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். அக்கா வாசலிலேயே நிறுத்தி, சட்டையை உதறிவிட்டு உள்ளே வரச் சொல்வாள். தூசு சட்டையோடு போய்விட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். பிறகு திருப்பதி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் கல் தூசு படிந்து இறுகிப்போயிருக்கிறது, இனி தூசு இருக்கும் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று சொன்னார்.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த ஆண்பிள்ளையைப் பார்ப்பது போன்ற கஷ்டம் வேறில்லை. அக்கா திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறைகளைக் கழுவித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர்களோடு தங்கியிருந்த எனக்கு ரேணிகுண்டாவில் செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் ஷிப்டு. நாங்கள் இருவரும் கிளம்பிப் போன பிறகு மாமா தனியாக உட்கார்ந்து போனில் வீடியோ பார்ப்பார். அப்படிப் பார்த்ததில் பிடித்துக்கொண்டதுதான் இந்த சி.என்.சி. பைத்தியம். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் மெஷினே மரத்தில் செதுக்கிவிடும், மலைக்குப் போகிறவர்கள் வாங்கிப்போக நாமம், சங்கு சக்கரம், வீட்டுக்குப் பெயர்ப்பலகை எல்லாம் செய்யலாம், நின்றுகொண்டு மூச்சிரைக்க வேண்டாம் என்றார். மரத்தூள் மட்டும் தூசு இல்லையா என்று நான் சண்டைக்கு நின்றேன். அதற்கும் வழி வைத்திருந்தார். மெஷினைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி, தூளை இழுக்கக் குழாய், குழாயின் முனை சன்னலுக்கு வெளியே. அக்கா லாட்ஜ் வேலையை விட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார், அதிலேயே தெரியும்.

மெஷின் பகுதி பகுதியாகப் பார்சலில் வந்தது. ஆனால் மாமாவுக்கு மெஷினைவிட அதை வைக்கும் மேசைதான் பெரிய கவலை. செதுக்கும் தலை முன்னும் பின்னும் ஓடும்போது மேசை துளி ஆடினாலும் மரத்தில் கோடு நடுங்கிவிடுமாம். இரும்புச் சட்டத்தைக் கூடத்திலேயே வெல்டிங் வைக்கச் செய்தார். அதற்கு மேலே போடப் பலகை தேடியபோது, மரம் வளையும், இரும்பு அதிரும், கல்தான் கம்மென்று கிடக்கும் என்று முடிவு கட்டி, பழைய கம்பெனியில் ஓரம் உடைந்ததால் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பலகையைக் கேட்டு வாங்கிவிட்டார். வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ஆட்சேபிப்பார் என்று பார்த்தால் அவருக்குப் பரம சந்தோஷம். "நைருதில பருவு உண்டாலிம்மா" என்றார். தென்மேற்கு மூலையில் பாரம் இருந்தால் வீட்டுக்கு நல்லதாம், ஆகவே அங்கேதான் வைக்க வேண்டும் என்று நின்று பார்த்து வைக்கச் சொன்னார். அதே சாஸ்திரத்துக்காக அந்த மூலையில் சன்னலே இல்லாமல் வீட்டைக் கட்டியிருந்தார். குழாயை நீளமாகப் போட்டு அடுத்த சுவரின் சன்னலுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மாமா சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கல்லைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தூக்கியது. பாலிஷ் போடாத அடிப்புறத்தில் ஒரு மேடு. ஆட்கள் கல்லை இறக்கி, மேடு வெளியே தெரியச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்கள். அதைத் தேய்த்து எடுத்தால் போதும், கை கிரைண்டர் வேலைதான். மறுநாள் நான் ஷிப்டில் இருந்தேன். நடந்ததை அக்கா பிறகு சொல்லித்தான் தெரியும். காலையில் அவள் கிளம்பும்போது, மாமா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அக்காவோடு வேலை செய்தவள் ஒருத்தி ஈரத்தரையில் நின்று மோட்டார் சுவிட்சைத் தொட்டு உயிரை விட்டிருந்தாள். அதைக் கண்ணால் பார்த்ததிலிருந்து அக்காவுக்குத் தண்ணீரையும் கரண்டையும் சேர்த்துக் கண்டாலே ஆகாது. தண்ணீரே கூடாது, சாயங்காலம் ஆட்கள் வரட்டும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று குடத்தைத் தானே எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாமா அதில் பாதியைத்தான் கேட்டார். தண்ணீர் ஊற்றவில்லை. தெருவுக்குத் தூசு போனால் பக்கத்து வீட்டார் சத்தம் போடுவார்கள் என்று கதவைச் சாத்தி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, அந்த மேட்டைத் தானே தேய்த்து முடித்துவிட்டார். மெஷின் கிளப்பப்போகும் தூசுக்குக் கண்ணாடிப் பெட்டி யோசித்து வைத்தவர், மேசை கிளப்பும் தூசுக்கு ஒன்றும் யோசிக்கவில்லை. அந்த வேலை அவர் கைக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

சாயங்காலம் ஆட்கள் வந்து, கல்லைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் மெஷினை மேலே ஏற்றி, சும்மா ஓடவிட்டுப் பார்த்தார். தலை சர்சர்ரென்று ஓடியது. என் கையைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்தார்.

"ஆடுதா பாரு பாப்பா."

ஆடவில்லை. குளிர்ந்து, அசையாமல் கிடந்தது. என் கையைப் பிடித்திருந்த அவர் கைதான் இருமலில் குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பும்போது கூடவே ஆக்சிஜன் மெஷினும் வந்தது. கூடத்தில் வேறு இடமில்லாததால் அதையும் அந்த மேசைமேல்தான் வைத்தோம். சி.என்.சி.யை ஓரத்துக்குத் தள்ளித் துணி போட்டு மூடினோம். மேசை பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, மூக்கில் குழாயோடு, மாமா அந்தத் துணியைப் பார்த்தபடியே கிடந்தார். ஒரு நாமம்கூட அதில் செதுக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

இது ஒரு நாளில் வந்த வியாதி இல்லை, அந்த ஒரு வேலையால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதை நான் அக்காவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கொடத்த நான் எடுக்காம இருந்திருந்தா?" என்பாள். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன மாதம் நானும் அக்காவும் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு என் கம்பெனிப் பக்கமே போய்விடுவது என்று முடிவாயிற்று. மெஷினை ஒருவர் எடுத்துக்கொண்டார். மேசைதான் சிக்கல். உள்ளேயே வெல்டிங் வைத்து, உள்ளேயே ஒட்டியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வாசலைத் தாண்டாது. முதலில் கல்லை இரண்டாக அறுத்து எடுத்தால்தான் சட்டத்தையும் வெட்ட வழி. மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் கட்டரோடு வந்தார். பழக்கதோஷம், வந்ததும் துண்டை எடுத்து முகத்தில் கட்டினார். பிளக்கைச் செருகப் போனவரை அக்கா நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். குடம் நிறையத் தண்ணீரோடு வந்தாள்.

வீட்டுக்குள் எதற்குத் தண்ணீர், கூடமெல்லாம் சேறாகும், கரண்டு வேறு என்று அவர் தயங்கினார். நானும் அக்காவின் தோளைப் பிடித்தேன். அவள் என் கையை உதறினாள்.

"நான் ஊத்திகினே இருக்கேன். நீ அறு."

அவர் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். அக்கா வெறுங்காலோடு நின்று, வெட்டு விழும் இடத்தில் மெல்லிசாக ஊற்றிக்கொண்டே வந்தாள். ஒரு குடம் தீர்ந்ததும் நான் இன்னொன்று கொண்டுவந்து கொடுத்தேன். சாம்பல் நிறச் சேறு சட்டத்தின் கால்களில் வழிந்து, கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போயிற்று. கல் இரண்டானதும் அவர் கட்டரை நிறுத்திவிட்டுத் துண்டை அவிழ்த்தார். துண்டில் பொட்டுத் தூசு இல்லை.

அக்கா மட்டும் நிறுத்தவில்லை. குடம் காலியாகும்வரை அந்த வெட்டுவாயில் ஊற்றினாள். பிறகு தலையை நிமிர்த்தி, தூசு தேடுகிறவள்போல மூலையையும் மேல் சுவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா பாப்பா?" என்று கேட்டாள்.