அக்கா கேட்ட அவர்

என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது மூன்றே சொற்கள் மிஞ்சின. ‘ஆமா’, ‘ச்சீ’, ‘அவர்’. அந்த மூன்றாவது சொல்லை வைத்துக்கொண்டு என் குடும்பத்தார் அடித்த கூத்தை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். நடுவில் யாரையாவது திட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். திட்டு வாங்கத் தகுதியானவர்களைத்தான் திட்டுவேன்.

அக்கா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எல்லாருக்கும் மைக்கக்கா. ஒரு மேசை, ஒரு மைக், கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி, பஸ்கள் வந்து நிற்பதைப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல், அவ்வளவுதான் அந்த அறை. வீட்டில் காச்சுமூச்சென்று கத்துகிறவள் மைக் முன்னால் உட்கார்ந்ததும் வெண்ணெய் மாதிரிப் பேசுவாள். எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, யாருடைய குழந்தை அழுதுகொண்டிருக்கிறது என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆகி என்ன பிரயோஜனம்? வீட்டில் நிம்மதி இல்லை என்று ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அந்த ஆள், வேறொருத்தி வீட்டில் நிம்மதியைக் கண்டுபிடித்து அங்கேயே தங்கிவிட்டான். ஒரு போன் கிடையாது. செத்தாளா பிழைத்தாளா என்று ஒரு வார்த்தை விசாரித்தது கிடையாது. அக்கா அழுதாள், ஒரு வாரம் லீவு போட்டாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கண்டக்டர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டார். பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போனது. குடை, டிபன் பாக்ஸ், ஒரு தடவை பல்செட்கூட அப்படி வந்திருக்கிறது. இது செங்கல் மாதிரித் தடியான ஒரு நாவல். அட்டை கிழிந்து போயிருந்தது. முதல் தாளும் இல்லை. அதனால் புத்தகத்தின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. “பஸ்ஸில் தவறவிடப்பட்ட புத்தகம் ஒன்று அலுவலகத்தில் உள்ளது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்” என்று அக்கா பல நாள் அறிவித்துப் பார்த்தாள். எந்த உரியவரும் வரவில்லை. காத்திருந்த நேரத்தில் அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். உரியவர் வந்திருந்தாலும் அதற்குப் பிறகு கொடுத்திருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

ஆற்றைக் கடக்கப் படகு ஓட்டும் ஒருத்தியின் கதை அது. மகா கோபக்காரி. படகை விற்றுவிடு என்று ஒருவன் வருவான், நீ ஓட்டினால் நாங்கள் ஏறமாட்டோம் என்று நாலு பேர் வருவார்கள், எல்லாரையும் அவள் கரையிலேயே நிற்க வைத்துப் பேசுவாள். அக்கா எனக்குச் சொல்லித்தான் தெரியும். அவள் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தப் படகுக்காரியே சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள்.

அலுவலகப் பெண்கள் சாயங்காலமானால் பரபரப்பார்கள். “லேட்டாப் போனா அவர் கத்துவார்”, “அவருக்கு நான்தான் காபி கலக்கணும்” என்று அவரவர் வீட்டு அவரைப் பற்றிப் பேச்சு ஓடும். புருஷன் பெயரைச் சொல்லாமல் அவர், அவர் என்று சொல்கிற பழக்கம்தான். ஒரு நாள் அக்கா கைப்பையில் அந்தப் புத்தகத்தைத் திணித்துக்கொண்டே, “நானும் கிளம்பறேன்பா. அவரை மடியில போட்டுக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்” என்றாளாம். அறையே சிரித்ததாம். அன்றிலிருந்து புத்தகத்துக்கு ‘அவர்’ என்றே பெயர் ஆகிவிட்டது. “அவரை அலமாரில வச்சியா?” “அவர் மேல தண்ணியக் கொட்டிட்டேன்டி, வெயில்ல காயவச்சிருக்கேன்.” எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

அம்மா இறந்துபோன அன்று அவர்தான் அவள் கையில் இருந்தார். பிற்பாடு அதிகாரிகள் ஒரு பதிவு செய்த குரலைக் கொண்டுவந்து மைக்கில் ஓடவிட்டு, அக்காவை விசாரணை ஜன்னலுக்கு மாற்றினார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் ஆற்றில் வெள்ளம் வரும் இடத்தை எடுத்துத் தன் மைக் குரலில் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, “பஸ் லேட்டாச்சுன்னா அந்த மிஷினுக்குத் தெரியுமா? தெரியாது. வராத பஸ்ஸை வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டு நிக்கும்” என்றாள். மறுநாள் மேலாளர் அறைக்கே போய் அதையே சொல்லிச் சண்டை போட்டாள். காலையில் மிஷின், மாலைக் கூட்டத்துக்கு அக்கா என்று முடிவாயிற்று. அந்தத் தைரியத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். வேறு நூறு புத்தகம் வாங்கிப் படித்திருக்கிறாள். ஒன்றும் அவருக்கு ஈடாகவில்லை.

இது எதுவும் என் அண்ணனுக்குத் தெரியாது. அவன் எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவன். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் தவிர எதையும் படித்தவனில்லை. அக்கா வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசிவிட்டுப் போகிறவன்.

அக்காவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது நான் வெளியூரில் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தேன். அண்ணன்தான் சேர்த்தான். அதுவரை சரி, புண்ணியவான். போனில், “பயப்படாத, உயிருக்கு ஆபத்தில்ல. நல்ல சேதி ஒண்ணு இருக்கு, நேர்ல வா சொல்றேன்” என்றான். பேரனைக் கண்ணால் பார்த்த கையோடு பஸ் ஏறினேன்.

வார்டுக்குள் நுழைந்தால், அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஆள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறான்!

எனக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. “இந்த ஆளு இங்க என்ன பண்றான்?”

“மெதுவாப் பேசு” என்று அண்ணன் பல்லைக் கடித்தான். “அத்தானை நான்தான் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். கண்ணு முழிச்சதுலேர்ந்து ‘அவர், அவர்’னு ஒரே புலம்பல். எத்தனை வருஷமானா என்ன, மனசுக்குள்ள வச்சிருந்திருக்கா பாவம்.”

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். “அவர் வாயில ஊட்டினா ‘ச்சீ’ங்கறாங்க. இந்த வயசுலயும் எவ்வளவு வெக்கம்!”

வெக்கமாம்! என் அக்கா அந்த ‘ச்சீ’யை எப்படிச் சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? கரப்பான்பூச்சியைப் பார்த்தால் சொல்வாள். அதே ‘ச்சீ’தான்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். இடது கையால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். “அவர்” என்றாள். “அவர். அவர்.” கண் கெஞ்சியது.

“அண்ணே, உனக்குத் தலைக்குள்ள ஏதாவது இருக்கா? அவ கேக்கறது அந்த அட்டை கிழிஞ்ச புத்தகத்தை! அவ அதைத்தான் அவர்னு சொல்லுவா. பஸ் ஸ்டாண்டுல யாரை வேணா கேட்டுப் பாரு.”

அண்ணன் சிரித்தான். சிரித்தான்! “செத்துப் பொழைச்சு வந்தவ புத்தகம் கேப்பாளா? புத்தகத்தை யாராவது ‘அவர்’ம்பாங்களா? உனக்கு அத்தானைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லு, கதை விடாத.”

“அந்த அட்டை இல்லாத குண்டுப் புத்தகமா?” என்றான் அந்த ஆள், ஆரஞ்சுச் சுளையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்தப் பழைய குப்பையெல்லாம் நேத்தே பேப்பர் கடைக்குப் போட்டாச்சே. என் கட்டில் போட இடம் வேணாமா?”

அவனுடைய கட்டில்! அக்கா வீட்டுச் சாவியை அண்ணன் அவன் கையில் கொடுத்திருந்தான். அங்கே போய்ச் சேர்ந்து, அவள் அலமாரியைக் காலி பண்ணி, கட்டிலும் போட்டுவிட்டான். நிம்மதி கொடுத்தவள் அவனை வெளியே தள்ளிவிட்டாள் என்றும், போக இடமில்லாமல் நண்பன் வீட்டு மாடியில் படுத்திருந்தான் என்றும் அண்ணி வாய் தவறி உளறியதில் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. அவன் அதைத் துடைத்துவிட்டு அண்ணனிடம், “இத்தனை நாள் பிரிஞ்சிருந்ததை நெனச்சு அழறா” என்றான். அவனை அங்கேயே அறைந்திருப்பேன். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு டிஸ்சார்ஜ்” என்றான் அண்ணன். “இனிமே அத்தான் கூடவே இருந்து பாத்துப்பார். எனக்கும் கவலை விட்டுது.”

“நான் பாத்துக்கறேன். என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“உனக்குத் தையல் கடை இருக்கு, மக பிரசவம் ஆகிக் கிடக்கறா. அதெல்லாம் விடு. அவ யாரைக் கேட்டா? உன்னையா கேட்டா?”

மிச்சமிருந்த மூன்று சொல்லில் ஒன்றைச் சொன்னதற்காக, மிச்சமிருக்கும் வாழ்நாளை அந்த ஆளோடு ஒரே அறையில் அவள் கழிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் இருந்த ஒரே ‘ச்சீ’யையும் வெக்கம் ஆக்கிவிட்டார்கள். தலையை ஆட்டினாலும், ஜன்னி பிடித்தவள் ஆட்டுகிற மாதிரி நினைத்துத் தலையணையைச் சரிசெய்தார்கள்.

வேறொரு பிரதி வாங்கலாமென்றால் பெயர் தெரிந்தால்தானே. எந்தக் கடையில் போய் என்னவென்று கேட்பது? அந்தப் பேப்பர் கடைக்கு ஓடினேன்.

அங்கே எடைக்கு வந்ததையெல்லாம் பிரித்துப் போடுவார்கள். அட்டை இருக்கிற புத்தகம் ஒரு பக்கம், பழைய விலைக்கு யாராவது வாங்கிப் போக. அட்டை இல்லாதது கூழாக்கப் போகும் கட்டுக்கு. அவர் எந்தக் கட்டுக்குள் இருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? இடுப்பளவு உயரத்துக்கு அமுக்கி, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கி, லாரிக்காக வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

“கட்டினதைப் பிரிக்க முடியாதும்மா” என்றார் கடைக்காரர். “லாரி வர்ற நேரம்.”

“முடியுமா முடியாதான்னு நான் கேக்கல. நேத்து கட்டினது எதுன்னு மட்டும் காட்டுங்க.”

“ஒரு பழைய புத்தகத்துக்கா இந்தப் பாடு?”

“புத்தகம் இல்லைங்க. எங்கக்கா வாழ்க்கை அதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு.” சொல்லிவிட்டு, கடைக்காரர் காட்டிய கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தேன். லாரி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். “அடிங்க, நல்லா அடிங்க. நான் பொறந்த வீட்டுல இதைவிடப் பெரிய சத்தமெல்லாம் கேட்டவ” என்றேன். கடைசியில் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு கத்தியை நீட்டினார். “வெட்டித் தொலைங்க. திருப்பிக் கட்டறதுக்கு நீங்களும் ஒரு கை பிடிக்கணும்.”

பட்டையை அறுத்ததும் கட்டு பொதுக்கென்று விரிந்தது. பழைய பரீட்சைத் தாள், காலண்டர், போன் புத்தகம். அட்டை இல்லாத தடிப் புத்தகங்களே ஏகப்பட்டவை கிடந்தன, எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். ஒன்றின் நடுவில் விரல் குத்தியது. ஒரு அத்தியாயம் முழுவதையும் மூன்று பக்கமும் ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தது. படகுக்காரியை விட்டுப் போன புருஷன் திரும்பி வந்ததும், அவள் மனசு இளகி அவனைப் படகில் ஏற்றிக்கொள்ளும் அத்தியாயம். “அந்த இடத்துல எழுதினவனுக்குத் தூக்கம் வந்திருக்கும். அவ அப்படிப்பட்டவ இல்ல” என்று அக்கா அலுவலக ஸ்டேப்ளரை எடுத்து வந்து தானே அடித்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கங்களை அவள் திறக்கவே இல்லை. நான் அந்தக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே கட்டைத் திருப்பிக் கட்ட ஒரு கை பிடித்தேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

மறுநாள் காலை நான் போனபோது அக்காவுக்கு மாற்று உடை போட்டுத் தயாராக உட்கார வைத்திருந்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரிப் பெண் படங்களைக் காட்டி, “இது என்னம்மா, சொல்லுங்க பார்ப்போம்” என்று கடைசியாக ஒரு தடவை முயன்றுகொண்டிருந்தாள். அண்ணன் பில்லோடு நின்றான். அந்த ஆள் அக்காவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

நான் நேராகக் கட்டிலுக்குப் போனேன். புத்தகத்தை அக்கா மடியில் வைத்தேன்.

இடது கையால் அதைத் தடவினாள். முதுகைத் தொட்டாள். குனிந்து மோந்தாள். பிறகு அள்ளி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, “அவர்” என்றாள். என்னைப் பார்த்து இன்னொரு தடவை, “அவர்!” கோணிய வாயிலும் அந்தச் சிரிப்பு தெரிந்தது.

அண்ணனின் முகம் தொங்கிப் போயிற்று. “நிஜமாவே புத்தகமா?” என்று அண்ணியைப் பார்த்தான், ஏதோ அவள்தான் எழுதின மாதிரி.

அந்த ஆளுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா முன்னால் வந்து நின்றான். “என்ன இது? கட்டின புருஷன் குத்துக்கல்லு மாதிரி நிக்கறேன். காகிதத்தைப் போயி அவர்ங்கற. அப்போ நான் யாரு?”

அக்கா அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது, புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

“அ...து” என்றாள்.

பயிற்சிப் பெண் படங்களையெல்லாம் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். பாவம், அவளுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. “புது வார்த்தை! புது வார்த்தை வந்துருச்சு! சூப்பர்மா! எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, எதைச் சொல்றீங்கன்னு கையைக் காட்டிச் சொல்லுங்க!”

அக்கா அவன் மூக்குக்கு நேராக விரலை நீட்டினாள்.

“அது.”