கழுவாத மங்குகள்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்கிய அவசரகாலத்தில், லூபோக் சீனா பக்கம் எங்கள் தோட்டத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள்; தாண்டினால் காவல் சிப்பாய்கள் சுடுவார்கள். நினைவு தப்பிய அப்பா, பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறேனென்று வேலிப்பக்கம் ஓடுவார். ரப்பர்பால் பிடிக்கும் பழைய மங்குகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொடுத்தால், கழுவி அடுக்கிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார்.

வேலைக்குப் போகும்போது அப்பாவை அண்ணியிடம் ஒப்படைப்பேன். சாயங்காலம் கேட்டால், "மாமா இன்னிக்கும் மங்கெல்லாம் கழுவிட்டாரு லா" என்பார்.

ஒருநாள் மழையில் வேலை நின்றது. சீக்கிரமே வீடு திரும்பினேன். வாளி காலி. மங்குகளில் தூசி. அப்பாவின் கைகள் கயிற்றால் தூணோடு கட்டப்பட்டிருந்தன.

"ஓடிட்டா சுட்டுருவாங்க, நான் என்னா செய்ய?" என்றார் அண்ணி.

கயிற்றை அவிழ்த்தேன்.

மறுநாள் காலை வாளியோடு அருகே போனேன். என் பெயரைக்கூட மறந்திருந்த அப்பா, மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பேறிய இரண்டு கைகளையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

அண்ணியை நான் மன்னிக்கவில்லை. அந்த மணிக்கட்டுகளை ஒருநாளும் பார்க்காத என்னையும்தான்.