பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

என் மனைவி வீட்டிலேயே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிறாள். ரவிக்கைக்கான மாங்காய், கொடி, மயில் எல்லாம் அவளே வரைந்த டிசைன்கள். அத்தனை வருட உழைப்பும் ஒரே கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் கரண்ட் வந்து வந்து போகும் அழகைப் பார்த்து, "இது புட்டுக்கிச்சின்னா நான் இன்னா பண்றது?" என்று ஒருநாள் கேட்டாள். ஃபேக்டரி எலெக்ட்ரீஷியனான எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

நகல் எடுத்து வைக்க வழி கேட்ட இடத்திலெல்லாம் குழப்பினார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் தனியாக ஹார்டு டிஸ்க் வாங்கச் சொன்னார். என்னோடு ஷிஃப்ட் பார்ப்பவர், டிஸ்க் கீழே விழுந்தால் போச்சு, நெட்டில் ஏற்று என்றார். பாஸ்வேர்டு மறந்துபோனால்? எழுதி வை என்றார். எழுதிய தாள் தொலைந்தால்? அவர் டீ குடிக்கப் போய்விட்டார். யூடியூபில் ஒருவர், ஒரு நகலாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும் என்றார். எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் ஏற்றினேன். ஃபேக்டரி லாக்கரில் வைக்கலாமென்றால், கேட்டில் செக்யூரிட்டி பென்டிரைவைக்கூட உள்ளே விடமாட்டார். கடைசியில் ஆர்.கே.பேட்டையில் இருக்கும் அக்காவிடம் கொடுத்து, "நகை மாதிரி பாத்துக்கோக்கா" என்றேன்.

கார்த்திகை மழையில் ஒரு இடி. கம்ப்யூட்டர் போனது போனதுதான். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மனைவி பாதியில் நின்ற ரவிக்கைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அதுதான் பயமாக இருந்தது. பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டிஸ்க் முழுக்கச் சந்தனம். கேபிள் சொருகும் துளையில் கச்சிதமாக ஒரு குங்குமப் பொட்டு, காய்ந்து கெட்டியாகி.

"இன்னாக்கா இது!" கத்தியே விட்டேன்.

"ஆயுத பூஜைக்கு வெச்சேன். மெசினுக்குப் பொட்டு வெக்காம வுடுவாங்களா? உன் கம்பெனில நீ வெக்கலியா?"

வைத்தேன். ஸ்விட்ச் போர்டு ஒன்றுவிடாமல் நான்தான் வைத்தேன். டிஸ்க்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

குண்டூசியால் சுரண்டி, டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பக்கத்து வீட்டு லேப்டாப்பில் சொருகினேன். விளக்கு எரியவில்லை. மறுபடியும் சுரண்டிச் சொருகினேன். எரிந்தது. அவள் முதன்முதலில் வரைந்த மாங்காய் திரையில் வந்ததும் மனைவி அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. அக்காவிடம் கொடுத்த பிறகு வரைந்தவை மட்டும் இல்லை. பத்திரமாக வைத்ததை அவ்வப்போது வாங்கிவந்து புதியதை ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது இரண்டு டிஸ்க், மாற்றி மாற்றி. எது அக்கா ஊருக்குப் போகவேண்டியது, எதில் புதுசு, எதில் பழசு, எனக்கு இன்னும் குழப்பம்தான். மனைவிக்கு இல்லை. அக்காவிடம் போகும் டிஸ்க்கின் துளையை டேப் போட்டு மூடினாள். பிறகு அதன் முதுகில், நட்டநடுவில், பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"இனிமே அண்ணி எடம் தேட வேணாம்" என்றாள்.