மச்சான் விளைவித்த மயில்துத்தம்

எங்கள் குடும்பங்களில் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டோடு வந்துவிடுவார். அப்படி என் லாத்தாவை, அதாவது அக்காவைக் கட்டிக்கொண்டு, காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் மச்சான். அவர் ஒரு தம்ளரை எடுத்து வைத்தால்கூட உம்மா பதறிவிடுவாள். பாவம், மனிதர் உட்கார்ந்து உட்கார்ந்தே சலித்துப்போனார்.

அந்த நேரம் பார்த்து வேதியியல் டீச்சர் என்னிடம் இரண்டு உப்புகளை ஒப்படைத்திருந்தார். பள்ளிக் கண்காட்சியில் என் பெயர் எழுதிய அட்டையோடு அவற்றை வைக்கப்போகிறார்கள். ஒன்று கரையாத வெள்ளை உப்பு. வடிதாளில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் சுத்தமாகும். மற்றது கரையும் உப்பு, மயில்துத்தம். அந்த நீலக் கரைசலைத் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும். கடல்காற்றின் ஈரத்தில் அது லேசில் வற்றவில்லை. ஒருவழியாக அரிசியளவு படிகங்கள் தென்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வெள்ளையைக் குழாயடியில் கழுவுவதை மச்சான் கூடவே நின்று பார்த்தார்.

கண்காட்சிக்கு முதல்நாள் பள்ளிவிட்டு வந்தால், நீலப் படிகங்கள் புளியங்கொட்டை அளவு. எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். மச்சான் மட்டும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கண்காட்சிக்குக் கூட்டம் வருவதற்குள் எறும்பு வந்துவிட்டது. சாரை சாரையாக என் தட்டுக்கு.

"மயில்துத்தம் விஷம்மா. இதுங்ககிட்ட நீ சொல்லலையா?" என்றார் டீச்சர். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. லாத்தாவின் நிக்காஹில் மிஞ்சிய கற்கண்டு, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டுநீலத்தில் குளித்து வந்திருந்தது. என் பெயர் அட்டை வெள்ளை உப்புக்கு முன்னால் மட்டும் நின்றது.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மச்சான் வாசலிலேயே காத்திருந்தார்.

"நீ வெள்ளையைக் கழுவின மாதிரி இதையும் கழுவித் தரலாம்னு பார்த்தேன் புள்ள. அப்படியே கரைஞ்சு ஓடிடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

"எங்க வீடா இருந்தா சொல்லியிருப்பேன்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "மாமிகிட்ட சொல்லிடாதே" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர்மேல் இருந்த கோபமும் ராத்திரிச் சோறு தின்பதற்குள் போய்விட்டது. ஒன்றுதான் எனக்கு விளங்கவேயில்லை. மூன்று வேளையும் கறியும் மீனுமாக விருந்து, உட்கார்ந்த இடத்துக்குத் தேத்தண்ணி. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனிதருக்கு அப்படி என்னதான் பயம்?