முகம் தெரியவில்லை என்றது லேப்டாப்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிக்கும் சிரமம் வேண்டாம். எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது "பார்த்தீங்களா?" என்று கேட்டால், கண் பார்ப்பதற்கு முன்பே வாய் "பார்த்துட்டேன்" என்று சொல்லிவிடும். "மோட்டார் நின்னுச்சான்னு பார்த்தீங்களா?" என்பாள் மனைவி. "பார்த்துட்டேன்" என்பேன். தொட்டி நிரம்பி, வழிகிற தண்ணீரில் எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். இந்த வியாதி மோட்டாரோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

போன வருடம், ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் குடோன் பொறுப்பாளர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் முதலாளி பெரிய சாப்ட்வேர் ஒன்றை வாங்கியிருந்தார். நூல் உள்ளே வருவதில் தொடங்கி பேண்டேஜ் பெட்டி லாரி ஏறுவது வரை எல்லாம் இனி அதில்தான். பன்னிரண்டு பிரிவு, பன்னிரண்டு லேப்டாப். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பதினொன்றில் ஏற்றி முடித்துவிட்டார்கள். பாக்கி ஒன்று யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்றிக் கொடுக்கும் பொறுப்பு, சாப்ட்வேர் விற்ற நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுடையது. ஆளைப் பார்த்ததில்லை, என் மேஜை மேல் இருக்கும் லேண்ட்லைன் போனில் குரல் மட்டும்தான். அங்கிருந்தபடியே என் லேப்டாப் திரை அவளுக்குத் தெரியும். "வணக்கம் சார், உங்க இன்ஸ்டலேஷனுக்கு உதவி செய்ய அழைச்சிருக்கேன்" என்று செய்தி வாசிப்பது போலப் பேசுவாள். சென்னையில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், ஏசியில் உட்கார்ந்திருப்பாள் என்று நானே ஒரு படம் வரைந்துகொண்டேன். அதற்குத் தகுந்தபடி நானும் நாக்கைச் சுருட்டி ரொம்ப நாகரிகமாகப் பேசினேன்.

அந்த சாப்ட்வேர் இருக்கிறதே, அதனிடம் சம்பந்தி வீட்டார் தோற்றார்கள் போங்கள். பழைய வைரஸ் தடுப்பானை எடு என்றது. எடுத்தோம். வைரஸ் தடுப்பான் இல்லாத லேப்டாப்பில் நான் ஏற மாட்டேன் என்றது. அதற்கு வேறொன்று போட்டால், நாற்பத்தேழு சதவீதத்தில் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது. பூஜைக்கு வாங்கிய பொரி பாதி மூட்டை என் மேஜைக்கடியில் மிச்சம் இருந்தது. நாற்பத்தேழு நாற்பத்தெட்டு ஆவதற்குள் ஒரு படி பொரியைத் தின்று தீர்த்தேன்.

அடுத்தது ரகசிய எண். அது என் போனுக்கு வரும், இரண்டு நிமிடத்துக்குள் லேப்டாப்பில் அடிக்க வேண்டும். எங்கள் குடோனில் துணி மூட்டைகளுக்கு நடுவே சிக்னல் எட்டிப் பார்க்காது. கேட்டுக்கு ஓடினால் எண் வரும், திரும்பி ஓடி வந்தால் நேரம் போய்விடும். ஐந்து தடவை ஓடினேன். ஆறாவது தடவை போனை வாட்ச்மேன் கையில் கொடுத்து, எண் வந்ததும் கத்தச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதி வந்த எண்ணை அன்று கம்பெனி முழுக்கக் கேட்டது.

கடைசியாக ஒரே ஒரு படி. கண்டவர்கள் உள்ளே புகுந்து சரக்குக் கணக்கை மாற்றிவிடக் கூடாதாம், அதனால் என் முகத்தை கேமராவில் காட்டிப் பதிய வேண்டும். காட்டினேன். "முகம் தெரியவில்லை" என்றது. மறுநாள் சவரம் செய்து, மீசை கத்தரித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து காட்டினேன். முகம் தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வேப்ப மரத்தடிக்குப் போய், சூரியனைப் பார்த்துக்கொண்டு, இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கம் திருப்பி நின்றேன். துணி வெட்டும் பிரிவுப் பெண்கள் டீ குடிக்க வந்த நேரம் அது.

"என்ன சார், மாப்பிள்ளை பார்க்க வாராகளா?" என்றார் ஒருவர்.

"மிஷினுக்கே பிடிக்கலையாம்க்கா. வீட்டுல அந்தம்மா எப்படித்தான் சமாளிக்காகளோ!" என்றார் இன்னொருவர்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். போனில் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். "கேமரா மேல எதுவும் ஒட்டியிருக்கா சார்? சில பேர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

நான் பொரியில் கிடந்த பொட்டுக்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "பார்த்துட்டேம்மா. சுத்தமா இருக்கு." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவள் அதை நம்பினாள். நம்பி, கேமராவை இயக்கும் சாப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். அதற்குப் பழைய பதிப்பைத் தேடிப் போட்டாள். நாலு மணி நேரம், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. புதன்கிழமை தயங்கித் தயங்கி இன்னொரு தடவை கேட்டாள். "தப்பா நினைக்காதீங்க சார், கேமராவை மறுபடி ஒரு தடவை..."

"பார்த்துட்டேம்மா! இருபது வருஷமா குடோன் பார்க்கிறவன். எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம். "ஏட்டி! பொட்டிகிட்ட பேசுனது போதும். கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடுது பாரு!"

கண்ணாடிக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் கன்றுக்குட்டியா? எனக்குப் பொரி புரையேறிவிட்டது.

"சாரி சார், பின்னாடி கொஞ்சம் சத்தம்..." என்று இழுத்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

சின்னக் குரலில், "மம்சாபுரம் சார். வீட்டுல இருந்துதான் வேலை பார்க்கேன்."

மம்சாபுரம்! என் வீட்டிலிருந்து பைக்கை எடுத்தால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். இரண்டு பேரும் மூன்று நாளாக ஒருவருக்கொருவர் பட்டணத்துத் தமிழ் பேசி ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். "அட, முதல்ல கன்னுக்குட்டியப் பிடி. கேமராவப் பொறவு பிடிப்போம்" என்றேன்.

"செத்த நேரம் இருங்கண்ணே, இந்தா வாரேன்" என்று ஓடினாள். அந்த நிமிடத்திலிருந்து நான் அண்ணன்.

திரும்பி வந்து மூச்சு வாங்கப் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆறு மாதம் பழகுநர். இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்கினால் ஊரில் இருந்தபடியே வேலை. இல்லையென்றால் பையைக் கட்டிக்கொண்டு எங்காவது போய் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும். "உங்க லேப்டாப் ஒண்ணுதாண்ணே பாக்கி. எம்புட்டோ பண்ணிப் பார்த்துட்டேன். ஏன்னே தெரியலை."

இதைக் கேட்ட பிறகாவது நான் திரும்பி ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "கவலைப்படாத தங்கச்சி, சரியாப் போயிரும்" என்று ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்வதற்கு நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

வியாழக்கிழமை அவளுடைய மேலதிகாரியும் போனில் சேர்ந்துகொண்டார். "கேமராவை நேர்ல செக் பண்ணீங்களா சார்?"

"மூணு தடவை பார்த்தாச்சு சார்" என்றேன். இப்போது அது வியாதியே இல்லை, மானப் பிரச்சினை.

அடுத்து அவர் அந்தப் பெண்ணிடம் பேசினார். "அப்படின்னா நீங்க மாத்தினதுலதான் கேமரா கெட்டிருக்கு. லேப்டாப் மதுரைக்கு ரிப்பேருக்குப் போகட்டும். நாளைக்குப் பதினொரு மணிக் கூட்டத்துல அவங்க முதலாளிகிட்ட இதைச் சொல்லியாகணும். உங்க வேலையை நிரந்தரமாக்குறது பத்தி அதுக்கப்புறம் பேசுவோம்."

"சரிங்க சார்" என்றாள். அவ்வளவுதான். அண்ணே என்றுகூடக் கூப்பிடாமல் போனை வைத்துவிட்டாள்.

லேப்டாப் வந்த அட்டைப்பெட்டி என் வீட்டுப் பரணில் கிடந்தது. மதுரைக்கு அனுப்ப அதில் வைத்துக் கட்டலாம் என்று லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியில் வைப்பதற்கு முன், கடைசியாக ஒரு தடவை என் முகத்தைக் காட்டிப் பார்ப்போமே என்று கூடத்தில் திறந்து வைத்திருந்தேன். குளித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு நிலைப்படிக்குப் பொட்டு வைக்கப் போன மனைவி என் பின்னால் நின்றாள்.

"போன வாரத்துப் பொட்டை இன்னுமா காய விட்டு வச்சிருக்கீங்க? வெள்ளிக்கிழமையும் அதுவுமா. துடைச்சிட்டுப் புதுசா வைக்கட்டுமா?"

எந்தப் பொட்டு என்று நிமிர்ந்தேன்.

திரைக்கு மேலே, சட்டத்தின் நட்ட நடுவில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவே குங்குமம். சரியாக, அம்பு விட்ட மாதிரி, கேமராவின் மேலேயே.

வைத்தது நானேதான். பூஜையன்று மற்றவர்கள் எல்லாரும் லேப்டாப்பின் வெளி மூடியில் பொட்டு வைத்தார்கள். பையில் உரசி அழிந்துவிடுமே என்று, புத்திசாலி நான் மட்டும் திறந்து உட்பக்கம் வைத்தேன். நெற்றி மாதிரி இருக்கட்டும் என்று அளந்து பார்த்து நடுவில் வைத்தேன். அந்த இடத்தில் கடுகு அளவுக்கு ஒரு கண் இருப்பதை யார் கண்டது? எங்கள் கம்பெனியில் தராசு, பிரிண்டர், தள்ளுவண்டி, கால்குலேட்டர் எல்லாவற்றிலும் பொட்டுதான். எல்லாவற்றிலும் இருப்பது எதிலும் கண்ணில் படுவதில்லை.

வேட்டி நுனியை நனைத்துத் துடைத்தேன். திரையில் ஒரு முகம் வந்தது. வாயைப் பிளந்துகொண்டு, அப்படி ஓர் அசட்டு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மணி நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாளே என்பதுதான் தோன்றியது.

பெட்டியைக் கட்டாமல் லேப்டாப்போடு பஸ் ஏறினேன். யோக்கியனாக இருந்தால் நேராகப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பொய் தயாரித்தேன். தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். காலையில் கரண்ட் போய் வந்ததில் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். துடைத்தாகிவிட்டது, தடயம் இல்லை, மனைவி சாட்சி சொல்ல வரப்போவதில்லை. கம்பெனியில் எல்லாரையும் கேலி பேசித் திரிகிறவன் நான். இது தெரிந்தால் பன்னிரண்டு பிரிவும் சேர்ந்து என்னை உரித்துத் தொங்கவிட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி, நல்ல ராகு காலம். முதலாளியின் அறையில் அவர் பக்கத்தில் நான். திரையில் மேலதிகாரி, மற்ற பிரிவுக்காரர்கள், ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் அந்தப் பெண். முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். அழுதிருந்தாள் என்று தெரிந்தது. மேலதிகாரி நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று அவளிடம் கேட்டார்.

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு நல்ல சந்தர்ப்பம். கேட்டேன், பார்த்ததாகச் சொன்னார் என்று ஒரு வார்த்தை போதும்.

"அந்த சார் மேல தப்பு ஒண்ணும் இல்ல சார். நான்தான் இன்னும் சரியா விசாரிச்சிருக்கணும்" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கேமரா முன்னால் எழுந்து நின்றால் வயிறு மட்டும்தான் தெரியும் என்பது அப்போது நினைவில்லை. ஆக, அன்று அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டது என் தொப்பைதான். பொட்டு, துடைத்தது, மூன்று தடவை பார்க்காமலே பார்த்தேன் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் தயாரித்த பொய்கள் வரைக்கும் சொன்னேன்.

முதலாளி மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். "ஏம்ப்பா, பொட்டு வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" அவ்வளவுதான், பதினோரு கட்டத்திலும் சிரிப்பு. மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அவங்க வேலையில குறை ஒண்ணும் இல்ல" என்றார். "அதை எழுத்துல போடுங்க சார், நாங்க காத்திருக்கோம்" என்றேன். எழுதினார். எங்கள் முதலாளி அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

கூட்டம் முடிந்து, அவள் வழி சொல்லச் சொல்ல, லேப்டாப் என் முகத்தை நாலு விநாடியில் ஏற்றுக்கொண்டது. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானதாக அவளே போன் செய்து சொன்னாள். பின்னால் கன்றுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு பதவி நிரந்தரமானது. இன்றுவரை கம்பெனியில் நான் "பொட்டு சார்".

கேலிக்கு நான் பழகிவிட்டேன். ஆனால் அலட்சியமாக நான் உதிர்க்கிற ஒரு வார்த்தையை நம்பி, எங்கோ ஒருவர் பசியோடு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு, இப்போதெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன் என் தலையைப் பிடித்துத் திருப்புகிறது.

போன மாதம் எங்கள் குடோன் பிரிண்டர் ஓடவில்லை. அவளுக்குத்தான் போன் செய்தேன். ஒயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கேட்டாள். நாற்காலியை விட்டு எழுந்தேன். மேஜைக்கடியில் தவழ்ந்து போனேன். டார்ச் அடித்து, இரண்டு முனையையும் தொட்டு, அழுத்திப் பார்த்தேன். தலையில் இடித்துக்கொண்டு வெளியே வந்து, வாழ்நாளில் முதல் தடவையாக முழு உண்மை பேசும் பெருமிதத்தோடு, "இந்தத் தடவை சத்தியமாப் பார்த்துட்டேன் தங்கச்சி!" என்றேன்.

"போட்டோ அனுப்புங்கண்ணே" என்றாள்.